கோயில் பேர்

கோல்ஃபீல்ட், மெல்பேர்ண்
05.12.2010

யேசு மரி சூசை

அன்புள்ள அண்ணை,

போனில் கதைத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், இரண்டு பேரும் டக்கென்று வைத்துவிடுவோம். கடிதத்தில் கத்த ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாவீரர் நாளுக்கு வா என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். பஸ் ஏறி சிட்னிக்கு வந்தேன். மண்டபத்தில் என் பிள்ளையின் படம். படத்துக்குக் கீழே ‘கதிர்வாணன்’ என்று இயக்கப் பேர் மட்டும். நீங்கள் மேடையில் நின்று அந்தப் பேரைச் சொல்லி, தாயை விளக்கேற்ற அழைத்தீர்கள். அந்தப் பேருக்கு அவன் எங்கள் வீட்டில் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் உங்களின் சேட்டுக் கையைப் பிடித்து, "அண்ணை, அவன்ரை கோயில் பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றேன். "அது இங்க தேவையில்லை. நீ விளக்கைக் கொளுத்து" என்றீர்கள். மைக் போட்டபடியே கிடந்தது. சனம் முழுக்கக் கேட்டது.

நான் விளக்கைத் தொடாமல் இறங்கிப் போனதைப் பற்றி சிட்னியில் டூங்கபிப் பக்கம் இப்போதும் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும், வாய்க்கு வேலை வேண்டுமே.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். வருகிற நவம்பர் இரண்டாம் தேதி, சகல ஆத்துமாக்கள் நாளில், உங்கள் மெரிலேண்ட்ஸ் தமிழ்ப் பூசையில் செத்தவர்களின் பேர் வாசிப்பார்கள். அதில் என் பிள்ளையின் ஞானஸ்நானப் பேரை நீங்கள் குடுக்க வேண்டும். இங்கே நான் குடுக்கலாம்தான். ஆனால் அவனுக்கு ஞானத்தகப்பன் நீங்கள். கையில் ஏந்தி அந்தப் பேரைச் சொன்னவர் நீங்கள். பேரை நான் எழுதித் தரமாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

என் வேலை பரவாயில்லை. யூதர்களின் முதியோர் இல்லம். இறைச்சிக்கு ஒரு குசினி, பாலுக்கு ஒரு குசினி. காலையில் அடுப்பை நான் பற்றவைக்கக் கூடாது, அவர்களின் ஆள் ஒருவர் வந்து பற்றவைத்த பிறகுதான் நான் சட்டி வைக்கலாம். மத்தியானத்துக்குப் பிறகு மிஸ்டர் லெவின் என்ற கிழவரைப் பார்க்கிறேன். மனிசி செத்துவிட்டது. ஒரே மகன் யூதர்களின் நாட்டுப் பக்கம் ஏதோ மலையில் இருந்துகொண்டு யூதேயா என்று தனிநாடு கேட்கிறானாம். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

கத்தரின்

*

மெரிலேண்ட்ஸ்
16.01.2011

தங்கச்சி,

பகல் முழுவதும் மெயில் சென்ரரில் ஊரார் கடிதங்களைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கென்று வந்த ஒரே கடிதம் குற்றப்பத்திரிகை! நல்லது.

மைக் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. அதற்கு வருந்துகிறேன். ஆனால் சொன்னது பிழையென்று நான் நினைக்கவில்லை. அந்த மேடையில் சைவம், வேதம், சாதி, ஊர் ஒன்றும் இல்லை. கதிர்வாணன் உன் பிள்ளை மட்டுமல்ல. இரண்டாயிரத்து ஒன்பதில் எல்லாம் முடிந்துபோன பிறகு எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பேர்கள்தான். அவற்றையும் வீட்டுப் பேர், கோயில் பேர் என்று பிரித்துக் கொண்டுபோனால் மேடையில் என்ன இருக்கும்? வெறும் படச்சட்டம்.

பூசை விஷயம் பார்ப்போம். நவம்பருக்கு இன்னும் காலம் கிடக்கிறது.

அந்தக் கிழவரின் மகனைப் பற்றி விவரமாக எழுது. யூதேயா! வேதப்புத்தகத்தில் வாசித்த பேர். ஏற்கெனவே ஒரு நாடு வைத்திருக்கிற சனம், அதற்குள்ளேயே இன்னொரு நாடு கேட்கிறதா? எங்களுக்கு ஒன்றுக்கே வழியில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்து இதழில் இதைப் பற்றி எழுத வேண்டும். கிழவரிடம் கேட்டுச் சொல்.

அண்ணி மீன் கறிக்குத் தூள் அரைத்து அனுப்பியிருக்கிறாள். உன்னுடைய இரண்டு குசினியில் எதிலும் போட்டுவிடாதே.

அண்ணன்
ஸ்ரனிஸ்லாஸ்

*

கோல்ஃபீல்ட்
20.03.2011

யேசு மரி சூசை

அன்புள்ள அண்ணை,

கேட்டேன். கிழவர் பகிடிக்காரன். "ஒரு நாட்டிலேயே பாஸ்போட்டுக்கு வரிசையிலை நிக்க எனக்குக் காலில்லை, இன்னொண்டோ!" என்றார். பிறகு கனநேரம் கதைத்தார்.

விஷயம் இதுதான். அந்த நாட்டு அரசாங்கம் என்றைக்காவது சமாதானம் பேசி அந்த மலைகளை அரபு ஆட்களிடம் குடுத்துவிட்டால், அங்கே குடியிருக்கும் மதப்பிடிப்புள்ள யூதர்கள் எழும்பமாட்டார்களாம். அன்றைக்கே யூதேயா என்று தனி அரசு அறிவிப்பார்களாம். கொடி, நீதிமன்றம், எல்லாம் வேதச் சட்டப்படி. எண்பதுகளில் சிலர் கூடிப் பேசிய திட்டம், இப்போதும் கொஞ்சப் பேர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களாம். இவரின் மகன் அதில் ஒருவன். மெல்பேர்ணில் டானி என்று வளர்ந்த பிள்ளை. அங்கே போய்ப் பேரை எல்யாகிம் என்று மாற்றிவிட்டான். இவர் போனில் டானி என்று கூப்பிட்டால் அவன் பேசமாட்டான். இவர் டானி என்றுதான் கூப்பிடுவார். அதனால் எட்டு வருஷமாகப் பேச்சில்லை.

இப்போது மகன் கடிதம் போட்டிருக்கிறான். தகப்பன் செத்தால் உடம்பை அந்த மலைக்கு அனுப்ப வேண்டுமாம். அங்கே இன்னும் சேமக்காலை இல்லை. ஒரு கல்லறை வந்துவிட்டால் பிறகு அந்த இடத்தை ஒருவனும் விட்டுக்குடுக்கமாட்டானாம். கிழவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவனுக்கு அப்பா வேண்டாம் கத்தரின். கூடாரத்துக்கு அடிக்கிற முளை வேணும்."

நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழில் பிள்ளையின் உடம்பு வந்தபோது, கோயில் சேமக்காலையில் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கத் தாருங்கோ என்று நான் இயக்கத்திடம் கேட்டேன். பொறுப்பாளர் யோசித்துக்கொண்டு நின்றவர். அந்த நேரம் பார்த்துத்தான் சிட்னியிலிருந்து உங்கள் போன். "விடு தங்கச்சி, துயிலும் இல்லத்திலை வைக்கட்டும். அவன் புதைக்கப்படேல்லை, விதைக்கப்படுறான். எங்கடை பிள்ளையள் கிடக்கிற மண்ணை ஒருத்தனாலும் பறிக்கேலாது" என்றீர்கள். நான் தலையாட்டினேன். ஆமி வந்தது, டோசர் போட்டு உழுதது. இப்போது எந்தக் குழி என் பிள்ளையின் குழி என்று மாட்டுக்கும் தெரியாது. கோயில் சேமக்காலையில் அவன் தகப்பன் கிடக்கிறார், சிலுவை அப்படியே இருக்கிறது.

இதை உங்கள் இதழில் எழுதுங்கோ.

கத்தரின்

*

மெரிலேண்ட்ஸ்
12.06.2011

தங்கச்சி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். டோசர் போட்டவனை விட்டுவிட்டு, போன் எடுத்தவனைக் குற்றம் சொல்கிறாய். எனக்கு அது தாங்கவில்லை. நானும் அவனைத் தூக்கித் திரிந்தவன்தானே? குஞ்சன், குஞ்சன் என்று தோளில் வைத்துக் கோயில் திருநாளில் மிட்டாய் வாங்கிக் குடுத்தவன்தானே?

ஆனால் கொள்கை என்று வந்தால் நான் சொன்னது சரி. கல்லறை நிலத்தைப் பிடித்துவைக்கிறது. பிடித்துவைப்பதால்தான் எதிரி முதலில் கல்லறையை உடைக்கிறான். அந்த யூதப் பெடியன் இதைச் சரியாக விளங்கிக்கொண்டிருக்கிறான். இதழில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். தலைப்பு ‘யூதேயா கற்றுத்தரும் பாடம்’. வாசித்த எங்கள் சங்கத்துச் சிவபாலன் மாஸ்டர் கண் கலங்கிவிட்டார். கிழவரின் பேரை நான் போடவில்லை, பயப்படாதே. கட்டுரையைக் கதிர்வாணனுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறேன்.

கிழவருக்கு என் வணக்கத்தைச் சொல். மகனின் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் யோசிக்கச் சொல்.

ஸ்ரனிஸ்லாஸ்

*

கோல்ஃபீல்ட்
07.08.2011

அண்ணை,

இதழைத் திருப்பி அனுப்புகிறேன். ‘கதிர்வாணனுக்கு’ என்ற வரியைப் பேனையால் வெட்டியிருக்கிறேன். என் பிள்ளையை நீங்கள் இரவல் குடுக்க வேண்டாம்.

மகனின் நியாயத்தைக் கிழவரிடம் சொன்னேன். சிரித்தார். "உன்ரை அண்ணனுக்கு ஒண்டு சொல்லு. எங்கடை சனம் காசாவிலை இருந்து வெளிக்கிட்டபோது அங்க அடக்கின ஆக்களையும் எங்கடை அரசாங்கமே கிண்டி எடுத்து வந்தது. மரியாதையா, பெட்டி வைச்சு, செபம் சொல்லித்தான். ஆனால் கிண்டினதுதான். செத்தவன் ஒரு நிலத்தையும் பிடிச்சு வைக்கமாட்டான். அவனுக்குக் கை இல்லை" என்றார்.

அந்த மலையில் ஏற்கெனவே வேறு சனத்தின் ஒலிவ மரங்கள் நிற்கிறதாம், அவர்களின் கல்லறைகளும் இருக்கிறதாம். உங்கள் இரண்டு பக்கத்தில் அந்தச் சனத்தைக் காணவில்லை. எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனத்தை இயக்கம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோதும் நாங்கள் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

லெவினின் தாய் தகப்பனுக்குக் குழியே இல்லை, போலந்தில் எரித்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள் கிளாசுக்குள் மெழுகுதிரி ஏற்றி அவர்களின் பேரைச் சொல்வார். இயக்கப் பேர் இல்லை, தாய் தகப்பன் வைத்த பேர். நான் பக்கத்தில் நின்றேன். அது எனக்கு நல்லாயிருந்தது.

நவம்பர் வருகிறது. மறக்காதேங்கோ.

கத்தரின்

*

மெரிலேண்ட்ஸ்
27.12.2011

தங்கச்சி,

நத்தார் வாழ்த்து. அண்ணி கேக் அனுப்பினாள், கிடைத்ததா?

நவம்பர் இரண்டு எனக்கு வேலை நாளாகப் போய்விட்டது. சுவாமியிடம் கொடுக்கலாம் என்று பார்த்தால் பட்டியலை முந்தின ஞாயிறே முடித்துவிட்டார்கள். என்ன செய்வது? மாவீரர் நாளுக்கு நான் விளக்கேற்றினேன். அதுவும் செபம்தான். ஒரு பேரைப் பிடித்துக்கொண்டு நீ ஏன் இப்படித் தொங்குகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. ஆண்டவருக்கு எல்லாப் பேரும் தெரியும்.

கிழவர் என்ன முடிவு எடுத்தார்? இங்கே சங்கத்தில் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ்

*

கோல்ஃபீல்ட்
20.05.2012

யேசு மரி சூசை

அன்புள்ள அண்ணை,

மிஸ்டர் லெவின் போன கிழமை செத்துப்போனார். என் கையைப் பிடித்தபடிதான். நீங்கள் கேட்பதற்கு முதல் சொல்கிறேன்: உடம்பு மலைக்குத்தான் போகிறது. அவரே கையெழுத்து வைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்கடை மனிசி ரோசாவுக்குப் பக்கத்திலை ஸ்பிரிங்வேல் சேமக்காலையிலை இடம் வாங்கி வைச்சிருக்கிறியள். கல்லிலை பாதி உங்களுக்கெண்டு விட்டிருக்கு. இந்த விசர் நாட்டுக்கு ஏன் போறியள்?" என்று கேட்டேன். கிழவரிடம் அப்படிக் கதைக்கக் கூடாது, தெரியும். கதைத்துவிட்டேன்.

அவர் சொன்னார்: "நாட்டுக்குப் போகேல்லை கத்தரின். டானியிட்டைப் போறன். உயிரோடை இருந்தால் அவன் என்னட்டை வரமாட்டான். அங்க கிடந்தால், ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தாலைதானே நடப்பான். செத்தவனோடை ஆரும் வாதாடுறேல்லை."

மகன் உடம்பை எடுக்க வரவில்லை. அந்தப் பக்கத்து விமான நிலையத்துக்கு வருவானாம். இரண்டு நாள் முந்தி போன் எடுத்து, அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டான். டானி என்று கூப்பிட்டார் என்றேன். பிறகு தாங்க்ஸ் என்று சொல்லி வைத்துவிட்டான்.

எனக்கு இனி வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கத்தரின்

*

மெரிலேண்ட்ஸ்
10.06.2012

தங்கச்சி,

கிழவருக்கு ஆண்டவர் இளைப்பாற்றியைக் கொடுக்கட்டும். நீ கோபிக்காதே, ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. எட்டு வருஷம் மல்லுக்கட்டிய தகப்பன் கடைசியில் மகனின் மண்ணுக்குத்தான் போனார். வாயால் எதைச் சொன்னாலும் காலால் அங்கேதான் நடந்தார். யூதேயாவின் முதல் கல்லறை! இதழுக்கு இன்னொரு கட்டுரை இருக்கிறது இதில்.

உன் சத்தம் கடிதத்தில் களைத்துப் போயிருக்கிறது. சிட்னிக்கு வந்து ஒரு மாதம் இரு. மேலே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது.

ஸ்ரனிஸ்லாஸ்

*

கோல்ஃபீல்ட்
17.02.2013

அண்ணை,

ஒன்பது மாதமாக எழுதவில்லை. எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். போன நவம்பரிலும் நீங்கள் பேர் குடுக்கவில்லை. அங்கே இருக்கிற யோகராணியிடம் கேட்டேன், அந்தப் பூசைக்கு அவள் போனவள். நீங்களும் கடைசி வரிசை வாங்கில் இருந்தீர்களாம். இருந்தும் குடுக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு படம். லெவினின் பேரப்பிள்ளை இல்லத்துக்கு அனுப்பியது, கல்லறையின் படம். எழுத்தெல்லாம் அவர்களின் பாஷை. காலையில் அடுப்புப் பற்றவைக்கிற தம்பிதான் வாசித்துச் சொன்னார். மேலே பெரிய எழுத்தில் ‘யூதேயா அரசின் முதல் குடிமகன்’ என்று வெட்டியிருக்கிறது. கீழே சின்னதாக அவருடைய பேர். பிறந்த ஊர் இல்லை. அறுபது வருஷம் இருந்து தையல்கடை நடத்திய மெல்பேர்ண் இல்லை. ரோசாவின் பேர் இல்லை. டானியின் தகப்பன் என்று ஒரு சொல் இல்லை. இல்லாத நாட்டுக்கு, அதை வேண்டாம் என்று சொன்ன மனிசன் முதல் குடிமகன்.

என் பிள்ளையின் கல்லும் அப்படித்தான் இருந்தது, அண்ணை. வரிசையில் எல்லாம் ஒரே அச்சு. லெப்டினன்ட் பெரிசு, கதிர்வாணன் பெரிசு. தாயின் பேர் இல்லை. அதையாவது டோசர் போடாமல் விட்டிருக்கலாம், போய்க் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். ரோசாவின் கல்லில் அரைவாசி வெறுமையாகக் கிடக்கிறது. அவர்கள் பூ வைப்பதில்லை, சின்னக் கல் வைப்பார்கள். நான் ஒன்று வைத்துவிட்டு வந்தேன்.

நான் உங்களிடம் நாடு கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு பேர். நீங்கள் வைத்த பேர்.

கத்தரின்

*

மெரிலேண்ட்ஸ்
03.11.2013

அன்புள்ள தங்கச்சி கத்தரின்,

நேற்றுப் பூசைக்குப் போனேன். போன கிழமையே கோயில் வாசலில் துண்டு வாங்கி, பேரை எழுதிப் பெட்டியில் போட்டிருந்தேன். இந்த முறை உனக்கு வாக்குத் தவறக்கூடாது என்று நெஞ்சில் கைவைத்துத்தான் போட்டேன்.

போட்ட அன்று பின்னேரமே சுவாமி போன் எடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து இளம் சுவாமி. "அங்கிள், கதிர்வாணன் எண்டு எழுதியிருக்கிறியள். இது ஞானஸ்நானப் பேரோ?" என்று கேட்டார். என் கை அதைத்தான் எழுதியிருக்கிறது. "இல்லைச் சுவாமி, பிழையா எழுதிப்போட்டன்" என்றேன். "பரவாயில்லை, சரியான பேரைச் சொல்லுங்கோ" என்றார். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

தங்கச்சி, எனக்கு அந்தப் பேர் தெரியாது.

நீ முதல் கடிதம் போட்டபோதே தெரியாது. மூன்று வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். வேலை, பட்டியல் முடிந்தது, ஆண்டவருக்குத் தெரியும் என்று உனக்குக் காட்டியதெல்லாம் சாட்டு. அன்றைக்கு மேடையில் தேவையில்லை என்று சொன்னேனே, அந்த நேரமும் பேர் வாயில் வரவில்லை, அதனால்தான் சீறினேன். எனக்குக் குஞ்சன் தெரியும். கதிர்வாணன் தெரியும். நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது அவனுக்கு நாலு வயது. இடையில் எனக்கு அவன் ஒரு படமாகத்தான் வந்தான், படத்துக்குக் கீழே பேர் போட்டிருந்தது.

ஞானஸ்நானம் நேற்றுப் போல இருக்கிறது. உன்னுடைய நீலச் சீலை. தலையில் தண்ணி பட்டதும் அவன் வீரிட்டு அழுதான். மெழுகுதிரி உருகி என் கையைச் சுட்டது. "இந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று பெரிய சுவாமி கேட்டார். நான் பதில் சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. உன்னைக் கேட்க வெட்கம். கேட்டால் என்னிடம் ஒன்றுமே மிஞ்சாது என்று பயம்.

நேற்று ஒவ்வொரு பேராக வாசித்தார்கள். கேட்டால் பிடிபடும் என்று காதைக் குடுத்துக்கொண்டிருந்தேன். அந்தோனிமுத்து, சந்தியோகு, பிரான்சிஸ், மரியநாயகம். ஒவ்வொன்றுக்கும் இதுவோ, இதுவோ என்று பார்த்தேன். ஊர் முழுக்கச் செத்தவர்கள் வந்து போனார்கள், அவன் வரவில்லை.

உன் பிள்ளையை அவன் தகப்பனுக்குப் பக்கத்தில் கிடக்க விட்டிருக்க வேண்டும். நான் அன்றைக்குப் போன் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். இனி இதைச் சொல்லி என்ன, ஆனால் சொல்கிறேன். இந்த மாதம் மேடைக்குப் போகமாட்டேன் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். இதழில் மேற்கொண்டு ஒன்றும் எழுதப் போவதில்லை.

பிள்ளையின் பேரை எழுதி அனுப்பு.

அண்ணன்

*

கோல்ஃபீல்ட்
10.11.2013

யேசு மரி சூசை

அன்புள்ள அண்ணை,

பேர் யூதா ததேயு.

அக்டோபர் இருபத்தெட்டில், அந்தப் புனிதரின் திருநாளிலேயே பிறந்தவன். அதனால் நீங்கள்தான் அந்தப் பேரை வைத்தீர்கள். காட்டிக்குடுத்த யூதாஸ் என்று பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள் என்று நான் மறித்தேன். "விசரி, அவர் வேறை, இவர் வேறை. இவர் கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பாதுகாவலர்" என்று என்னை ஏசிப்போட்டுத்தான் சுவாமிக்கு உரக்கச் சொன்னீர்கள்.

நீங்கள் யூதேயா, யூதேயா என்று எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், அடுத்த வரியில் என் பிள்ளை வந்துவிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தரின்